படகின் சமநிலையும் சமன் தகடுகளும்

நீரில் மிதத்தல் வேறு. நீரின்மேல் விரைந்தோடுதல் வேறு. மிதத்தலை விளக்குதற்கு ஆக்கிமிடீசு கண்ட விதி ஒன்றே போதும். படகு தன் நிறைக்கு ஒத்த நீரை இடம்பெயர்த்து அமைதியாக நிற்கும். விரைந்தோடும் படகிலோ எந்திரத்தின் உந்துவிசை, நீரின் தடை, அடிப்புறத்தில் மோதும் நீரின் உயர்த்துவிசை ஆகியன ஒருங்கே தொழிற்படுகின்றன. இவற்றுக்கிடையே படகை மட்டமாக நிறுத்துதற்கு அதன் பின்புறத்திற் பொருத்தப்படும் சிறு தகடுகள் இரண்டே இக்கட்டுரையின் பொருளாகும். ஆங்கிலத்தில் இவற்றை 'ட்றிம் ராப்' என வழங்குவர். நாம் ஈண்டுச் 'சமன் தகடு' என வழங்குவோம்.

மலைநாட்டு மாணவர்க்கும் படகு நூலுக்கும் யாது தொடர்பு எனச் சிலர் வினவலாம். ஓப்பநாயக்க கடலினின்றும் தொலைவில், பெல்மதுளைக்கும் பலாங்கொடைக்கும் இடையே, தேயிலையும் இறப்பரும் சூழ்ந்து விளங்கும் ஊர். ஆயினும் நீரின் வலிமையை இம்மாவட்டத்தார் நன்கறிவர். 2003ஆம் ஆண்டு மே மாதத்திலும், மீண்டும் 2017ஆம் ஆண்டு மே மாதத்திலும் பெருமழையாற் களுகங்கை கரைபுரண்டபோது இரத்தினபுரி நகரும் அதனைச் சூழ்ந்த தாழ்நிலங்களும் நீரில் மூழ்கின. முதல் நாள் மோட்டார் வண்டி சென்ற தெருவில் மறுநாட் படகு சென்றது. அப்படகுகளைச் செலுத்துதற்குப் பெரும்பாலும் கடலோரத்தாரும் படையினருமே வரவேண்டியிருந்தது. அன்றியும், பலாங்கொடைக்கு அப்பால் வளவை கங்கையை மறித்து 1992இல் நிறைவுற்ற சமனலவெவ நீர்த்தேக்கமும், தெற்கே உடவளவை நீர்த்தேக்கமும் நமக்கு அயலில் உள்ளன. ஆதலின் படகின் இயல்பை அறிந்து வைத்தல் நம் மாணவர்க்கு வீண் கல்வியாகாது.

அணியம் மேலெழுவதேன்?

படகின் முன்புறத்தை அணியம் என்றும் பின்புறத்தைக் கடையால் என்றும் நம் கடற்றொழிலாளர் வழங்குவர். கடையாலில் வெளியிணைப்பு எந்திரம் பூட்டிய சிறு படகொன்றை நோக்குவோம். எந்திரம் கடையாலில், அதனைப் பிடித்துச் செலுத்துபவரும் கடையாலில், பெற்றோற் கலனும் அவர் காலடியில். படகு நிற்கும்போதே பின்புறம் சற்றுத் தாழ்ந்திருக்கும். விசையைக் கூட்டியவுடன் அணியம் வானை நோக்கி எழும். செலுத்துபவரின் கண்ணுக்கு முன்னே நீர் மறைந்து, படகின் மூக்கு மட்டுமே தோன்றும்.

இதற்குப் பின்பாரம் ஒரு காரணம். படகு தானே எழுப்பும் அலை மற்றொரு காரணம். ஓடும் படகு அணியத்தில் ஓர் அலைமுகட்டை எழுப்புகின்றது. வேகம் மிகுந்தோறும் அவ்வலையின் நீளமும் மிகும். அலையின் நீளம் படகின் நீர்க்கோட்டு நீளத்தை எட்டும்போது அணியம் ஒரு முகட்டிலும் கடையால் அடுத்த முகட்டிலும் தங்கி நிற்கும். அதனினும் வேகம் கூடின், பின்முகடு கடையாலுக்கு அப்பாற் சென்றுவிடும். கடையால் அலையின் பள்ளத்துள் இறங்கும். படகு தான் எழுப்பிய மேட்டில் தானே ஏற முயலும் நிலை உண்டாகும்.

இவ்வெல்லையைக் கணித்தல் எளிது. நீர்க்கோட்டு நீளத்தை அடியிற் கொண்டு, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆற் பெருக்கினால் வேகம் மணிக்கு இத்தனை கடல்மைல் எனக் கிடைக்கும். நீர்க்கோடு 16 அடி எனின், வர்க்கமூலம் 4. எல்லை வேகம் ஏறத்தாழ 5.4 கடல்மைல், அஃதாவது மணிக்கு 10 கிலோமீற்றர். அலைகளையும் கப்பல்களின் தடையையும் முறையாக ஆராய்ந்தவர் ஆங்கிலப் பொறியியலாளரான வில்லியம் புரூட் ஆவர். அவர் 1872இல் தோர்க்கீ என்னும் ஊரில் நீண்ட நீர்த்தொட்டி அமைத்து, அதிற் சிறு மாதிரிக் கப்பல்களை இழுத்துப் பார்த்துத் தடையை அளந்தார். இன்றும் உலகெங்கும் கப்பல் வரைவோர் அவர் காட்டிய வழியையே பின்பற்றுகின்றனர்.

எந்திரத்துக்குப் போதிய ஆற்றலும் படகுக்குத் தட்டையான அடியும் இருப்பின், படகு இம்மேட்டைக் கடந்துவிடும். கடந்தபின் நீரைப் பிளந்து செல்லாது, நீர்ப்பரப்பின்மேல் வழுக்கி ஓடும். எறிந்த ஓட்டாஞ்சில்லு குளத்து நீரில் தத்திச் செல்வதை ஈண்டு நினைவு கொள்க. இதனை வழுக்கோட்டம் எனலாம். வழுக்கோட்டத்தில் அடிப்பலகை நீரோடு கொள்ளும் சாய்வுக் கோணம் மிகுதியாயினும் தடை மிகும். மிகக் குறைந்தாலும் நனையும் பரப்பு விரிந்து தடை மிகும். 1964இல் தானியேல் சவிற்ஸ்கி வெளியிட்ட ஆராய்ச்சி, தடை மிகக் குறைவாயிருக்கும் சாய்வு ஏறத்தாழ 4 பாகை எனக் காட்டிற்று. எந்திரம் முழங்க அணியத்தைத் தூக்கியவாறே செல்லும் படகு, மேட்டின் உச்சியிற் சிக்கி, எரிபொருளை அலையாக மாற்றிக்கொண்டிருக்கின்றது என்க.

பாரமும் திருப்பமும்

யாழ்ப்பாணத்துக் கிணற்றடிகளில் முற்காலத்தில் துலா மிதிப்பர். துலாவின் மேல் நிற்பவர் முன்னே நடக்கப் பட்டை கிணற்றுள் இறங்கும். பின்னே நடக்க நீரோடு மேலேறும். அவருடைய நிறை மாறவில்லை. நின்ற இடமே மாறிற்று. இடம் மாறத் திருப்பமும் மாறிற்று. படகும் அத்தகையதொரு துலாவேயாகும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கணித்துப் பார்ப்போம். 18 அடிக் கண்ணாடியிழைப் படகொன்றில் தூரங்களைக் கடையாற் பலகையிலிருந்து அளப்போம். படகின் உடல் 250 கிலோகிராம், அதன் மையம் 2.3 மீற்றரில், எந்திரம் 50 கிலோகிராம், பலகையிலேயே, செலுத்துபவர் 65 கிலோகிராம், 0.6 மீற்றரில், பெற்றோற் கலன் 25 கிலோகிராம், 0.4 மீற்றரில், பயணியர் இருவர் 120 கிலோகிராம், 1.5 மீற்றரில் எனக் கொள்க.

திருப்பங்கள் முறையே 575, 0, 39, 10, 180 ஆகும். மொத்தம் 804. மொத்த நிறை 510. ஆகவே ஈர்ப்பு மையம் கடையாற் பலகையிலிருந்து 1.58 மீற்றரில் உள்ளது.

இனிப் பெற்றோற் கலனை 2.9 மீற்றருக்கும் பயணியரை 2.5 மீற்றருக்கும் நகர்த்துவோம். திருப்பம் 986.5 ஆகின்றது. ஈர்ப்பு மையம் 1.93 மீற்றரில் அமைகின்றது. ஒரு சதமும் செலவின்றி, ஓர் ஆணியும் அறையாமல், மையம் 35 சதமமீற்றருக்கு மேல் முன்னேறிவிட்டது. கலனை நகர்த்துதற்குச் சற்று நீண்ட எரிபொருட் குழாய் ஒன்று மட்டுமே வேண்டும்.

எந்திரத்தின் சாய்வும் ஈண்டுக் கருதத்தக்கது. வெளியிணைப்பு எந்திரத்தின் தாங்கியில் ஊசி செருகும் துளைகள் பல உண்டு. எந்திரத்தின் கால் கடையாற் பலகையினின்று விலகி வெளியே நீட்டி நின்றால் உந்துவிசை அணியத்தைத் தூக்கும்; பலகையை நெருங்கி உள்ளே ஒடுங்கினால் அணியத்தைத் தாழ்த்தும். ஆகவே சமன் தகடு வாங்க எண்ணுவோர் முதலிற் பாரத்தை நகர்த்துக. அடுத்து ஊசியை மாற்றுக. இவ்விரண்டும் போதாதவிடத்தே தகட்டை நாடுக.

தகடு செய்யும் தொழில்

சமன் தகடு என்பது கடையாற் பலகையின் கீழ்விளிம்பிற் பிணைச்சலாற் பொருத்தப்படும் உலோகத் தட்டு. வலப்புறம் ஒன்றும் இடப்புறம் ஒன்றுமாக இரண்டு இருக்கும். தட்டு கீழ்நோக்கிச் சாய்ந்தால், படகின் அடியிலிருந்து பின்னோக்கி விரையும் நீர் அதன்மேல் மோதிக் கீழ்முகமாகத் திரும்பும். நியூற்றனின் மூன்றாம் விதிப்படி, கீழே தள்ளப்பட்ட நீர் தகட்டை மேலே தள்ளும். கடையால் உயரும், அதனால் அணியம் தாழும். விமானங்களின் வாற்புறச் சிறகுகளிற் காணப்படும் சிறு சமன் தகடுகளும் காற்றைக் கொண்டு இவ்வகைத் தொழிலையே புரிகின்றன.

மேற்காட்டிய படகில், எவரையும் எதனையும் நகர்த்தாது தகட்டினாலேயே அதே பயனைப் பெற வேண்டின் எவ்வளவு விசை வேண்டும்? எந்திரத்தின் உந்துவிசையால் வரும் திருப்பத்தை எளிமை கருதி விட்டுவிடுவோம். திருப்பம் 804 ஆகவே இருக்க, படகின் அடி தாங்கும் பாரத்தின் மையம் 1.93 மீற்றரில் அமைய வேண்டும். 804ஐ 1.93 ஆல் வகுக்க 416 கிலோகிராம் கிடைக்கும். 510இல் எஞ்சிய 94 கிலோகிராமைத் தகடுகள் தாங்க வேண்டும்.

சவிற்ஸ்கியும் பிரவுணும் 1976இல் வெளியிட்ட சூத்திரம் இவ்விசையைக் கணிக்க உதவும். தகடுகளின் பரப்பு, அவற்றின் சாய்வுப் பாகை, நீரின் அடர்த்தியிற் பாதி, வேகத்தின் வர்க்கம் ஆகியவற்றைப் பெருக்கி, 0.046 என்னும் மாறிலியாலும் பெருக்குக. 18 அங்குல அகலமும் 9 அங்குல நீளமும் உடைய தகடுகள் இரண்டின் பரப்பு 0.21 சதுர மீற்றர். வேகம் மணிக்கு 12 கடல்மைல், அஃதாவது செக்கனுக்கு 6.17 மீற்றர் எனின், 5 பாகைச் சாய்வில் ஏறத்தாழ 93 கிலோகிராம் பாரத்தைத் தகடுகள் தாங்கும். வேண்டிய அளவு அதுவே.

இனி, மாணவர் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடம் இது. விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகத்தை 24 கடல்மைலாக்கினால் விசை நான்கு மடங்காகும். அப்பொழுது தகட்டைப் பெரும்பாலும் மேலே தூக்கிவிட வேண்டும். வேகம் 6 கடல்மைலாகக் குறைந்தால் அதே சாய்வில் விசை 23 கிலோகிராமே. 4 கடல்மைலில் வெறும் 10 கிலோகிராம். நின்ற படகில் தகடு வெறும் இரும்புத் துண்டே. பாரத்தை நகர்த்தியதால் வரும் பயனோ எவ்வேகத்திலும் மாறாது நிற்கும். படகு நின்றாலும் நிற்கும்.

பொருத்தும் முறை

தகட்டின் அளவுக்கு ஒரு கைவிதி உண்டு. படகின் நீளம் ஓரடிக்கு ஓரங்குலம் வீதம் ஒவ்வொரு தகட்டின் அகலத்தையும் கொள்வர். முன்பின் நீளம் 9 அங்குலம். 18 அடிப் படகுக்கு 18 அங்குலம் இவ்வாறு வந்ததே. கடையாற் பலகை ஒடுங்கியதாயின் அகலத்தைக் குறைத்து 12 அங்குலம் கொள்ளலாம்.

பொருத்தும் இடம் முதன்மையானது. பிணைச்சல் கடையாற் பலகையின் கீழ்விளிம்பினின்றும் கால் அங்குலம் மேலே இருத்தல் வேண்டும். விளிம்புக்குக் கீழே நீட்டினால் ஓயாது தடை செய்யும். வெளிப்புற விளிம்பிலிருந்து 3 அங்குலமேனும் உள்ளே அமைக்க. இன்றேல் படகு சாய்ந்து திரும்பும்போது தகடு நீரைக் குத்தும். எந்திரத்தின் காலுக்கும் தகட்டுக்கும் இடையே 8 அங்குலம் இடைவெளி விடுக. நெருங்கின், கலங்கிய நீர் உந்தியை அடைந்து அதன் பிடியைத் தளர்த்தும்.

துளையிடுதலிற் பெருங்கவனம் வேண்டும். கண்ணாடியிழைப் படகின் கடையாற் பலகையுள் பெரும்பாலும் ஒட்டுப்பலகை பொதிந்திருக்கும். நீர்க்கோட்டுக்குக் கீழ் இடும் ஒவ்வொரு துளையும் அப்பலகைக்குள் நீர் புகும் வாயிலாகும். துளையின் சுவரை முதலிற் பிசினாற் பூசி உலரவிட்டு, கடல்வினைக்குரிய நீர்காப்புப் பசையை நிரப்பிப் பின்னரே ஆணியை முறுக்குக. ஆணி ஒன்றை விரைந்து முறுக்கியதால் ஓரிரு ஆண்டுகளிற் பலகை முழுவதும் உக்கி, எந்திரத்தோடு பெயர்ந்து விழுதலும் கூடும்.

உலோகமும் பொருந்த வேண்டும். கறையில் உருக்கே தக்கது. வேறுபட்ட உலோகங்கள் இரண்டு நீரில் அடுத்திருப்பின் மின்கலம் போலத் தொழிற்பட்டு ஒன்று அரிக்கப்படும் என்பதை வேதியியல் பயின்றோர் அறிவர். ஆதலின் தாமே அரிக்கப்பட்டுப் பிறவற்றைக் காக்கும் கட்டி ஒன்றைப் பொருத்துவர். கடலில் இதற்கு நாகம் ஏற்றது; சமனலவெவ போன்ற நன்னீரில் மக்னீசியமே நன்கு தொழிற்படும்.

தகட்டை இயக்குதற்கு வழிகள் மூன்று. 12 வோற்றுப் பற்றரியால் இயங்கும் மின்னியக்கி அல்லது எண்ணெயழுத்த உருளை ஒன்று. கையால் முறுக்கிக் கோணத்தை நிலைநிறுத்தும் திருகு மற்றொன்று. வாயுவடைத்த உருளை தாங்கும் தகடு பின்னொன்று. இறுதியில் கூறியது வேகம் மிகுந்தவுடன் நீரின் அழுத்தத்தாலே தானே மேலே மடங்கும். கயிறிழுத்து இயக்கும் சிறு எந்திரமுடைய, பற்றரி இல்லாப் படகுக்குப் பின்னைய இரண்டுமே ஏற்றன.

வெளியிணைப்பு எந்திரத்தின் உந்திக்கு மேலே தொங்கும் சிறு செதிள் ஒன்றையும் சிலர் இதே பெயரால் வழங்குவர். உந்தி ஒருபக்கமாகச் சுழல்வதாற் கைப்பிடி ஒரு புறம் இழுக்கும். அவ்விழுவையைச் சரிசெய்வதே அச்செதிளின் தொழில். பெயர் ஒன்றாயினும் பொருள் வேறு என்பதை உணர்ந்து மயங்காதிருக்க.

கையாளும் முறை

புறப்படும்போது தகடுகளைக் கீழே இறக்குக. படகு மேட்டை விரைவிற் கடந்து வழுக்கோட்டத்தில் நிலைபெறும். நிலைபெற்றவுடன் சிறிது சிறிதாக மேலே எடுக்க. ஒவ்வொரு மாற்றத்துக்கும் படகு செவிசாய்க்கச் சில செக்கன்கள் ஆகும். அது காணாமுன் மீண்டும் மீண்டும் மாற்றுதல் தகாது.

இரு தகடுகளையும் வெவ்வேறாக இயக்கினால் பக்கச் சாய்வும் தீரும். இடத் தகட்டை இறக்க இடப்பக்கக் கடையால் உயரும். வல அணியம் தாழும். ஆதலின் வல அணியத்தைத் தாழ்த்த விரும்புவோர் இடத் தகட்டை இறக்க வேண்டும். பயில்வோர் முதலில் இடறும் இடம் இதுவே. பக்கக் காற்றில் ஓடும் படகு காற்றுவரும் திசையிற் சாயும்போதும், பயணியர் ஒருபுறமாக அமர்ந்தபோதும் இம்முறை உதவும்.

மிகுதியாக இறக்குதல் ஆபத்து. அணியம் நீரைக் குத்தினால் திசைப்பிடி அணியத்துக்கு மாறி, கடையால் பக்கவாட்டில் வீசப்படும். பின்னிருந்து அலை துரத்தும்போதும், முகத்துவாரத்துள் நுழையும்போதும் தகடுகளை முற்றாக மேலெடுக்க. பின்னோக்கிச் செல்லும்போதும் அவ்வாறே. இன்றேல் நீர் தகட்டின் மேற்புறத்தில் மோதி இயக்கியை வளைத்துவிடும்.

எல்லாப் படகுக்கும் இத்தகடு ஏற்றதன்று. 1960களின் பிற்பகுதியில் நோர்வே நாட்டவர் துணையோடு காரைநகரில் தோன்றிய சீநோர் திட்டம் முதலியவற்றால் நம் கரையோரமெங்கும் கண்ணாடியிழைப் படகுகள் பெருகின. அவற்றுட் பல மணலில் இழுத்தேற்றப்படுவன. கடையால் வழியே வலை இழுப்பன. அத்தகைய படகிலே தகடு மணலில் உராய்ந்து வளையும். வலையும் அதிற் சிக்கும். அதனாற்போலும் நம் கடற்றொழிலாளர் பெற்றோற் கலனையும் பனிக்கட்டிப் பெட்டியையும் முன்னே வைத்தே படகைச் சமன்செய்யப் பழகினர்.

வெள்ளத்தில் கொள்ளத்தக்க நெறி

மேற்கூறியவற்றை இரத்தினபுரித் தெருவுக்குப் பொருத்திப் பார்ப்போம். வெள்ளம் சூழ்ந்த இடத்திலே படகின் முன்னால் யாது உள்ளது? நீந்தி வருபவர் இருக்கலாம்; மூழ்கிய வேலிக் கம்பி இருக்கலாம்; தாழ்ந்து தொங்கும் மின்கம்பியும் இருக்கலாம். அணியம் உயர்ந்த படகைச் செலுத்துபவருக்கு இவற்றுள் ஒன்றும் புலப்படாது. ஆகவே பார்வை மறையாமை ஈண்டு உயிர் காக்கும் கடமையாகும்.

அதன்பொருட்டு வேகத்தைக் கூட்டித் தகட்டை இறக்கலாமோ எனின், ஆகாது. மேட்டை அடுத்த வேகத்திலேயே படகு எழுப்பும் அலை மிகப் பெரிதாகும். அவ்வலை தெருவின் இருமருங்கும் மோதும். நீரூறி நிற்கும் மண்சுவரும், பழைய லயங்களின் சுவரும் அதனைத் தாங்கா. கழுத்தளவு நீரில் நிற்பவரும் நிலைதடுமாறுவர். எனவே 18 அடிப் படகு அங்கே மணிக்கு 3 அல்லது 4 கடல்மைலுக்கு மேற் செல்லலாகாது. அவ்வேகத்திலே தகடு ஏறத்தாழ 10 கிலோகிராமுக்கு மேல் தாங்கமாட்டாது என மேலே கண்டோம். மீட்கப்பட்டோரை நடுவிலும் சற்று முன்னுமாக அமர்த்துதலும், கலனை முன்னே வைத்தலும், அணியத்தில் ஒருவரை நோக்குநராக இருத்துதலுமே அங்கே கைகொடுக்கும். ஏறியவரெல்லாம் ஏறிய இடத்திலேயே, கடையாலை அண்டி நெருங்கி நிற்க விடுதல் பெருந்தீங்கு. பின்புறம் தாழ்ந்த படகினுள் கடையாற் பலகைக்கு மேலாக நீர் புகுதல் எளிது.

விரிந்த நீர்த்தேக்கத்திலோ நிலைமை வேறு. அக்கரையிலுள்ள நோயாளரை விரைந்து கொணர வேண்டிய வேளையில், நிறைந்த பாரத்தோடு படகு மேட்டைக் கடக்க மாட்டாது தவிக்கக்கூடும். அங்கே சமன் தகடு தன் முழுப் பயனையும் தரும்: விரைவிற் கடக்கச் செய்யும், பார்வையைத் திறக்கும், எரிபொருளையும் மிச்சப்படுத்தும்.

முடிவாக, சமன் தகடு வேகத்தின் துணைவன். பாரத்தை முறையாகப் பகிர்தல் எந்நிலைக்கும் துணை. பகிர்வில் உள்ள குறையைத் தகட்டால் மறைக்க முயலும் படகு, வேகம் தளர்ந்த கணத்திலேயே தன் பழைய குறையோடு நிற்கும். கொழுந்து ஏற்றும் லொறியிலும், ஏணியிலும், கட்டடத்திலும் மாணவர் கற்கும் திருப்பத்தின் விதி படகிலும் பிறழாது நிற்கின்றது. அவ்விதியை வகுப்பறைக் கரும்பலகையோடு விட்டுவிடாது, அடுத்த பெருமழை வருமுன் அளவுகோலும் தராசும் கொண்டு ஒரு படகிலேனும் கணித்துப் பார்ப்பாராயின், நம் கல்லூரி மாணவர் ஊருக்கு உற்றுழி உதவ வல்லோராவர். விழாக் காணும் நம் கல்லூரி அத்தகையோரைப் பல்லாண்டு ஈன்று சிறப்பதாக.